ஃப்ரீசெல் எங்கே இறுகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒருவர் தனியாக ஆடும் (சாலிடேர்) சீட்டாட்டமான ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முதலிலிருந்தே முகம் தெரியக் கிடக்கின்றன. கவிழ்த்து வைத்த சீட்டும் இல்லை, கட்டிலிருந்து உருவும் சீட்டும் இல்லை. அதனால் ஆட்டம் நின்றுபோனால் அதன் காரணம் பலகையிலேயே இருக்கும், தேடினால் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சிக்கல் கண்ணில் படும் இடம் வேறு, அது உருவான இடம் வேறு. முப்பதாவது நகர்த்தலில் கை கட்டிப்போனால், பெரும்பாலும் பத்தாவது நகர்த்தலிலேயே தவறான சீட்டு தவறான இடத்துக்குப் போயிருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அது பிறக்கும் இடத்தைச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் அடிப்படை. எட்டு வரிசைகள், முதல் நான்கில் ஏழேழு சீட்டு, அடுத்த நான்கில் ஆறாறு. மேலே ஒரு பக்கம் நான்கு செல்கள், ஒரு செல்லில் ஒரு சீட்டு. இன்னொரு பக்கம் நான்கு வீடுகள். அங்கே ஏஸில் தொடங்கி ராஜா வரை ஒரே இனமாக ஏற்ற வேண்டும். வரிசைகளில் இறங்குமுகமாக, சிவப்பும் கறுப்பும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். காலியான வரிசையில் எந்தச் சீட்டையும் வைக்கலாம். வரிசையின் கடைசியில், மேல் மூடல் இல்லாமல் கிடப்பதைத் திறந்த சீட்டு என்கிறோம்.

அறிகுறி: பத்து நகர்த்தலுக்குள் நான்கு செல்லும் நிறைந்துவிடுகிறது

புதிதாக ஆடுபவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வருவது இது. காரணம், ஏஸைத் தோண்டும் அவசரத்தில் மேலே கிடப்பதையெல்லாம் செல்லுக்குள் தள்ளுவது. செல்லில் வைக்கும் சீட்டு கைமாற்றாக வாங்கிய பணம் மாதிரி. வாங்கும்போதே எப்போது, எதிலிருந்து திருப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ரீசெல்லில் இதற்கு ஒரு நிச்சயமான கணக்கு உண்டு. ராஜாவைத் தவிர ஒவ்வொரு சீட்டுக்கும் வரிசைகளில் உட்கார இரண்டே இடங்கள்தான் இருக்கின்றன. டைமன் 7 என்றால் கிளாவர் 8, இல்லாவிட்டால் இஸ்பேட் 8. அந்த இரண்டும் எங்கே கிடக்கின்றன, எத்தனை சீட்டுக்கு அடியில் என்று பார்த்த பிறகே டைமன் 7-ஐச் செல்லில் வைக்க வேண்டும். இரண்டும் ஆழத்தில் இருந்தால் அந்தச் சீட்டு நெடுநேரம் செல்லைவிட்டு அசையாது. ராஜாவுக்கு அந்த இரண்டு இடமும் கிடையாது; செல்லில் ஏறிய ராஜா இறங்க ஒரு வரிசை முழுதாகக் காலியாக வேண்டும். எனவே தொடக்கத்தில் ராஜா செல்லுக்குப் போகக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

சரிசெய்ய: செல்லுக்கு ஒரு சீட்டைத் தூக்கும் முன், அது இறங்கப்போகும் சீட்டின் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையா, அந்த நகர்த்தலை ஒத்திவைத்துவிட்டு வேறு வரிசையைப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு செல் நிறைந்திருப்பது சாதாரணம். மூன்றாவதை நிறைக்கும்போது அடுத்த ஐந்தாறு நகர்த்தல் மனதில் ஓடியிருக்க வேண்டும். நான்காவதை நிறைப்பதென்றால், அதற்கு அடுத்த நகர்த்தலே ஏதாவது ஒன்றை விடுவிப்பதாக இருக்க வேண்டும்.

அறிகுறி: ஏஸ்கள் வந்துவிட்டன, ஆனாலும் வீடு நகரவில்லை

நான்கு ஏஸையும் சிரமப்பட்டு எடுத்த பிறகு பார்த்தால், ஒரு 2 ஏழு சீட்டு வரிசையின் அடியில் படுத்திருக்கும். ஏஸ் மட்டும் வீட்டுக்குப் போய் ஆவது ஒன்றுமில்லை. எடை போட வேண்டியது ஏஸ், 2, 3 மூன்றையும் சேர்த்து.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இதைப் பாருங்கள்: நான்கு ஏஸ், நான்கு 2, ஒவ்வொன்றின் மேலும் எத்தனை சீட்டு? ஒரே வரிசையில் இரண்டு மூன்று சிறிய சீட்டுகள் சேர்ந்து கிடந்தால் தோண்ட வேண்டிய வரிசை அதுதான். ஆழத்தில் ஒரே ஒரு ஏஸ் மட்டும் இருக்கும் வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிக ஆழத்தில் கிடக்கும் 2 எந்த இனமோ, அந்த இனம் கடைசியில்தான் நகரும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்த இனத்தின் 3, 4 இரண்டும் செல்களில் தங்க நேரிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இத்தனை சீட்டை நகர்த்த இடமில்லை என்று கணினி நிரல் மறுக்கிறது

விதிப்படி ஒரு தடவைக்கு ஒரு சீட்டுதான் நகரும். ஐந்து சீட்டுத் தொடரை நிரல் ஒரே வீச்சில் நகர்த்துவதுபோல் தெரிந்தாலும், காலி செல்களையும் காலி வரிசைகளையும் பயன்படுத்தி ஒவ்வொன்றாக நகர்த்தும் வேலையைத்தான் அது நமக்காகச் செய்துகொடுக்கிறது. எத்தனை நகரும் என்பதற்குக் கணக்கு இது: காலி செல் எண்ணிக்கையோடு 1-ஐக் கூட்டுங்கள், ஒவ்வொரு காலி வரிசைக்கும் அதை ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள்.

இரண்டு காலி செல், காலி வரிசை இல்லை: 3 சீட்டு.
இரண்டு காலி செல், ஒரு காலி வரிசை: 6 சீட்டு.
இரண்டு காலி செல், இரண்டு காலி வரிசை: 12 சீட்டு.
செல்லே இல்லை, ஒரு காலி வரிசை: 2 சீட்டு.
நான்கு செல்லும் காலி, காலி வரிசை இல்லை: 5 சீட்டு.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. போய்ச் சேரும் இடமே காலி வரிசை என்றால், அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு காலி செல், ஒரு காலி வரிசை இருக்கும்போது அந்தக் காலி வரிசைக்கே தொடரை நகர்த்தினால் 3 சீட்டுதான் போகும், 6 அல்ல.

இரட்டிப்பு எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது. ஒரு காலி செல், ஒரு காலி வரிசை. நகர்த்த வேண்டியது 9, 8, 7, 6 என நான்கு சீட்டு. 6 செல்லுக்கு. 7 காலி வரிசைக்கு. 6 அந்த 7 மேலே. செல் மறுபடி காலி. 8 செல்லுக்கு. 9 போக வேண்டிய 10 மேலே. 8 அதன் மேலே. மறுபடி 6 செல்லுக்கு, 7 அந்த 8 மேலே, 6 அந்த 7 மேலே. முடிந்தது, காலி வரிசை மறுபடி காலி.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு மதிப்பீடும் கிடைக்கிறது. ஒரு செல்லும் ஒரு வரிசையும் காலியாக இருந்தால் 4 சீட்டு நகரும். வரிசை காலியில்லாமல் அதே 4-ஐ நகர்த்த மூன்று செல் வேண்டும். அந்த நிலையில் ஒரு காலி வரிசையின் விலை இரண்டு செல். செல்கள் காலியாகக் காலியாக அந்த விலை இன்னும் ஏறும். காலி வரிசையை ஒற்றைச் சீட்டு வைக்கும் ஐந்தாவது செல்லாக நினைப்பது பெரிய நட்டம்.

அறிகுறி: வரிசை காலியானது, அதன் பிறகுதான் ஆட்டம் கெட்டது

இரண்டு விதமாக இது நடக்கும். முதலாவது, காலி வரிசை கிடைத்ததும் கை தானாக ஒரு ராஜாவை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். குளோண்டைக் போன்ற சில சாலிடேர் ஆட்டங்களில் காலி இடத்துக்கு ராஜா மட்டுமே போக முடியும். அந்தப் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டு வருகிறது. ராஜாவை இறக்குவது தவறில்லை. அதன் மேலே ராணியும் ஜாக்கியும் உடனே உட்காரத் தயாராக இருக்க வேண்டும், அல்லது அந்த ராஜாவின் அடியில் ஒரு சிறிய சீட்டு இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரிசையைக் காலியாகவே விடுங்கள்.

இரண்டாவது, வரிசையைக் காலியாக்குவதற்காகக் கொடுத்த விலை அதிகம். மூன்று செல்லை நிறைத்து ஒரு வரிசையை வாங்கினால், மேலே சொன்ன கணக்கில் கையிருப்பு என்ன? ஒரு செல், ஒரு வரிசை: 4 சீட்டு. தொடங்கும்போது நான்கு செல்லும் காலியாக இருந்தபோது 5 சீட்டு நகர்த்த முடிந்தது. மொத்தத்தில் பின்னோக்கிப் போயிருக்கிறீர்கள். காலி வரிசையைத் தேடிப் போவதைவிட, ஏஸையும் 2-ஐயும் எடுக்கும் வழியில் அது தானாகக் காலியாகும்படி ஆடுவதே மேல்.

ஒரு முழு ஆட்டத்தின் தொடக்கம்: மைக்ரோசாஃப்ட் ஆட்ட எண் 1

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க இந்த ஆட்டம் வசதியானது. பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் எஃப்3 விசையை அழுத்தி எண் 1 கொடுத்தால் வரும். நிரல் இல்லையென்றால் நிஜச் சீட்டுக்கட்டையே இப்படி அடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிசையும் அடியிலிருந்து திறந்த சீட்டு வரை:

வரிசை 1: டைமன் ஜாக்கி, டைமன் ராஜா, இஸ்பேட் 2, கிளாவர் 4, இஸ்பேட் 3, டைமன் 6, இஸ்பேட் 6
வரிசை 2: டைமன் 2, கிளாவர் ராஜா, இஸ்பேட் ராஜா, கிளாவர் 5, டைமன் 10, இஸ்பேட் 8, கிளாவர் 9
வரிசை 3: ஆட்டின் 9, இஸ்பேட் 9, டைமன் 9, இஸ்பேட் 10, இஸ்பேட் 4, டைமன் 8, ஆட்டின் 2
வரிசை 4: கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் 5, டைமன் ராணி, ஆட்டின் ராணி, ஆட்டின் 10, இஸ்பேட் ராணி, ஆட்டின் 6
வரிசை 5: டைமன் 5, டைமன் ஏஸ், இஸ்பேட் ஜாக்கி, ஆட்டின் 4, ஆட்டின் 8, கிளாவர் 6
வரிசை 6: ஆட்டின் 7, கிளாவர் ராணி, இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஏஸ், கிளாவர் 2, டைமன் 3
வரிசை 7: கிளாவர் 7, ஆட்டின் ராஜா, ஆட்டின் ஏஸ், டைமன் 4, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 8
வரிசை 8: ஆட்டின் 5, ஆட்டின் 3, கிளாவர் 3, இஸ்பேட் 7, டைமன் 7, கிளாவர் 10

முதல் பார்வையிலேயே இரண்டு செய்தி. வரிசை 6-இல் இரண்டு ஏஸும் ஒரு 2-உம் ஒன்றாகக் கிடக்கின்றன. தொடங்க வேண்டியது அங்கே. டைமன் 2 ஆறு சீட்டுக்கு அடியில். ஆகவே டைமன்தான் கடைசி, டைமன் 3 நீண்ட நேரம் செல்லில் இருக்கும்.

டைமன் 3 செல்லுக்கு, கிளாவர் 2 செல்லுக்கு. கிளாவர் ஏஸ் வீட்டுக்கு, பின்னாலேயே கிளாவர் 2, இஸ்பேட் ஏஸ். செல்லில் மிச்சம் டைமன் 3 மட்டும். வரிசை 6-இல் இப்போது இரண்டே சீட்டு: ஆட்டின் 7, கிளாவர் ராணி. இங்கேதான் சபலம் வரும். ராணியைச் செல்லில் வைத்து, ஆட்டின் 7-ஐ வரிசை 7-இன் கிளாவர் 8 மேலே போட்டால் ஒரு வரிசை காலி! ஆனால் டைமன் 7-க்கு இருக்கும் இரண்டு இடங்களில் இஸ்பேட் 8 மூடிக் கிடக்கிறது; திறந்திருக்கும் ஒரே இடம் அந்தக் கிளாவர் 8. அதை ஆட்டின் 7-க்குக் கொடுத்துவிட்டால் வரிசை 8 அடைபட்டுப்போகும்.

அதனால் வேறு வழி. கிளாவர் 10 செல்லுக்கு. டைமன் 7 கிளாவர் 8 மேலே. வரிசை 5-இன் கிளாவர் 6 அந்த 7 மேலே. ஆட்டின் 8 வரிசை 2-இன் கிளாவர் 9 மேலே. இஸ்பேட் 7 அந்த 8 மேலே. கிளாவர் 3 வீட்டுக்கு. ஐந்து சீட்டு இடம் மாறியது, ஒன்று வீட்டுக்குப் போனது. செலவு ஒரே ஒரு செல்.

இப்போது கிளாவர் ராணியைச் செல்லுக்கு ஏற்றலாம். செல்லில் மூன்று ஆகிவிடும், ஆனால் அது இறங்கும் இடம் தெரியும்: வரிசை 1-இன் டைமன் ராஜா. இஸ்பேட் 6 ஆட்டின் 7 மேலே. டைமன் 6 வரிசை 2-இன் இஸ்பேட் 7 மேலே. இஸ்பேட் 3 வரிசை 5-இன் ஆட்டின் 4 மேலே. கிளாவர் 4 வீட்டுக்கு, இஸ்பேட் 2 வீட்டுக்கு, இஸ்பேட் 3 வீட்டுக்கு. டைமன் ராஜா திறந்தது. செல்லிலிருந்த ராணி அதன் மேலே. செல்லில் மறுபடி இரண்டே சீட்டு.

ஆட்டின் 3 செல்லுக்கு, ஆட்டின் 5 வரிசை 6-இன் இஸ்பேட் 6 மேலே. வரிசை 8 காலி. ஒரு செல்தான் மிச்சம், போகும் இடம் காலி வரிசை. ஆக இரண்டு சீட்டு நகரும். வரிசை 7-இலிருந்து டைமன் 7, கிளாவர் 6 இரண்டும் அங்கே. கிளாவர் 8 செல்லுக்கு, நான்கும் நிறைந்தது. ஆனால் அடுத்த கணமே ஆட்டின் ஜாக்கி கிளாவர் ராணி மேலே, செல்லிலிருந்த கிளாவர் 10 அந்த ஜாக்கி மேலே, ஒன்று காலி. டைமன் 4 அந்தச் செல்லுக்கு. ஆட்டின் ஏஸ் வெளியே வந்துவிட்டது. வீட்டுக்கு ஏஸ், 2, 3, 4, 5, 6 என ஆறு ஆட்டின் சீட்டுகள் மளமளவென்று ஏறும்.

அறிகுறி: அழகான நீளத் தொடர் கட்டியாயிற்று, அதன் அடியில் 2 மாட்டிக்கொண்டது

தொடர் கட்டுவது கண்ணுக்கு முன்னேற்றமாகத் தெரியும். சிறிய சீட்டு அடியில் இருக்கும் வரிசையில் கட்டினால், கட்டிய ஒவ்வொரு சீட்டும் தோண்ட வேண்டிய ஆழத்தைக் கூட்டுகிறது. அதற்காக அங்கே கட்டவே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. கேட்க வேண்டியது: இந்தத் தொடரின் தலைச்சீட்டு பிறகு எதன் மேலே போகும்?

மேலே உள்ள ஆட்டத்திலேயே வரிசை 2-இல், டைமன் 2-க்கு மேலே, கிளாவர் 9, ஆட்டின் 8, இஸ்பேட் 7, டைமன் 6 என்று கட்டினோம். தலைச்சீட்டு கிளாவர் 9. அது போக ஒரு சிவப்பு 10 வேண்டும். டைமன் 10 அதே வரிசையில் அதற்கு அடியிலேயே இருப்பதால் உதவாது. ஆட்டின் 10 வரிசை 4-இல் இரண்டு சீட்டுக்குக் கீழேதான். அதை நம்பித்தான் கட்டியது.

ஆட்டின் 6 வீட்டுக்குப் போன பிறகு செல்லில் டைமன் 3, கிளாவர் 8, டைமன் 4. இஸ்பேட் ராணியை வரிசை 7-இன் ஆட்டின் ராஜா மேலே வையுங்கள். இஸ்பேட் ஜாக்கி செல்லுக்கு, டைமன் ஏஸ் வீட்டுக்கு, டைமன் 5 வரிசை 8-இன் கிளாவர் 6 மேலே. வரிசை 5 காலி. ஆட்டின் 10-ஐ அங்கே ஒதுக்கி, இஸ்பேட் ஜாக்கியை வரிசை 4-இன் ஆட்டின் ராணி மேலே இறக்கி, 10-ஐ அந்த ஜாக்கி மேலே திருப்புங்கள். இப்போது ஒரு செல் காலி, ஒரு வரிசை காலி: 4 சீட்டு. கட்டி வைத்த தொடரும் சரியாக 4. முழுவதும் ஆட்டின் 10 மேலே போகிறது, டைமன் 2-க்கு வழி திறக்கிறது. இந்த இடத்திலிருந்து ஆட்டம் வெல்லக்கூடியது. மிச்சத்தைப் பயிற்சியாக ஆடிப்பாருங்கள். ஒரு துப்பு: வரிசை 3-இன் டைமன் 9, வரிசை 1-இன் கிளாவர் 10 மேலே போய் உட்காரும்.

அறிகுறி: ஒரு இனம் மட்டும் வேகமாக ஏறுகிறது, மற்றவை வைக்க இடமில்லாமல் நிற்கின்றன

வீட்டுக்குப் போன சீட்டு வரிசையில் யாருக்கும் இடம் தராது. கிளாவர் 8 வரை ஏற்றிவிட்டால், சிவப்பு 7-களுக்கு இஸ்பேட் 8 ஒன்றே மிச்சம். அதுவும் அடியில் கிடந்தால் இரண்டு சிவப்பு 7-உம் செல்லைத்தான் தேடும்.

எந்தச் சீட்டைக் கவலையில்லாமல் ஏற்றலாம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. எதிர் நிறத்தின் இரண்டு இனங்களும் அதைவிட ஒரு எண் குறைவு வரை வீட்டில் இருந்தால் ஏற்றலாம். கறுப்பு 6-ஐ ஏற்றும் முன் இரண்டு சிவப்பு 5-உம் வீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த 6-இன் மேலே உட்கார இனி யாரும் வரப்போவதில்லை. ஏஸுக்கும் 2-க்கும் இந்தச் சோதனை வேண்டாம், எப்போதும் ஏற்றலாம். மைக்ரோசாஃப்ட் நிரல் இப்படிப் பாதுகாப்பான சீட்டுகளைத் தானே ஏற்றும். சில கைப்பேசிச் செயலிகள் ஏற்ற முடிகிற எல்லாவற்றையும் ஏற்றிவிடும். அமைப்புகளில் அதை நிறுத்த வழி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சோதனையில் தேறாத சீட்டையும் ஏற்ற வேண்டிய நேரங்கள் வரும், அடியில் கிடப்பது அவசரமாக வேண்டும் என்றால். அப்போது இன்னொரு இடம் எங்கே என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அறிகுறி: பழைய விண்டோஸ் நிரலில் சாளரத்தின் தலைப்புப் பட்டை மின்னுகிறது

இனி ஒரே ஒரு நகர்த்தல்தான் சாத்தியம் என்பதற்கு அடையாளம் அது. சில சமயம் அந்த ஒன்றே முடிச்சை அவிழ்க்கும், ஆனால் நம்பியிருக்க வேண்டாம். அதே நிரல், ஒரு தொடரைக் காலி வரிசைக்கு நகர்த்தும்போது முழுத் தொடரா, ஒற்றைச் சீட்டா என்று கேட்கும். படிக்காமல் அழுத்திவிடுபவர்கள் அதிகம்.

அறிகுறி: பின்வாங்கிப் பின்வாங்கி அதே இடத்துக்கே வந்து சேர்கிறது

ஒரு நகர்த்தல் பின்னே போய் வேறொன்றை முயல்வது, அதுவும் அடைந்தால் மறுபடி ஒன்று பின்னே. நேரம்தான் போகும். சிக்கல் பிறந்த இடத்துக்கு நேராகப் போங்கள். வழி: இப்போது செல்லில் கிடக்கும் நான்கில் மிக நீண்ட நேரமாக அசையாதது எது என்று பாருங்கள். அது ஏறிய நகர்த்தல்தான் முதல் சந்தேகம். அதற்கு முன்பு வரை பின்வாங்கி, அந்தச் சீட்டை ஏற்றாமல் வேறு வரிசையில் தொடங்குங்கள். அதுவும் சரிவரவில்லையா, கடைசியாக ஒரு காலி வரிசையை நிறைத்த இடத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஆட்டங்கள் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் திருந்திவிடும்.

டைமன் 3 போல, ஏறும்போதே நீண்ட நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டு ஏற்றிய சீட்டைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: இந்த ஆட்டம் தீரவே தீராது என்று தோன்றுகிறது

அநேகமாகத் தீரும். இன்றுள்ள வடிவத்தில் இந்த ஆட்டத்தை 1978-இல் பால் ஆல்ஃபில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் எழுதினார். ஒரே இனமாக அடுக்க வேண்டிய பேக்கர்ஸ் கேம் என்ற பழைய ஆட்டத்தில், நிறம் மாற்றி அடுக்கலாம் என்று அவர் செய்த மாற்றம்தான் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு இடத்தைக் கொடுத்தது. வெல்ல முடிகிற ஆட்டங்கள் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஜிம் ஹார்ன் எழுதிய மைக்ரோசாஃப்ட் பதிப்பில் 1 முதல் 32,000 வரை எண்ணிட்ட ஆட்டங்கள் இருந்தன. 1994-95-இல் டேவ் ரிங் ஒருங்கிணைத்த இணையத் திட்டத்தில் தன்னார்வலர்கள் அத்தனையையும் பங்கிட்டுக்கொண்டு ஆடினார்கள். யாராலும் தீர்க்க முடியாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று: எண் 11982. பிறகு கணினி நிரல்களும் அதற்குத் தீர்வு இல்லை என்று உறுதிசெய்தன. எண்ணிக்கை பத்து லட்சமாக நீட்டப்பட்ட பதிப்பில்கூட, அந்த 11982-ஐயும் சேர்த்துத் தீராதவை எட்டுதான். பழைய நிரலில் -1, -2 என்று எண் கொடுத்தால் வருபவை வேண்டுமென்றே தீராதபடி அடுக்கியவை. அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆக, 11982 வந்தால் விட்டுவிடுங்கள். 32,000-க்குள் வேறு எண் என்றால் வழி இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தேடுங்கள். இந்த உறுதி எல்லா சாலிடேர் ஆட்டங்களுக்கும் கிடையாது. பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும் குளோண்டைக்கில் நன்றாக ஆடியும் தோற்பது உண்டு.

அறிகுறி: ஜெயிக்கிறது, தோற்கிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை

ஒவ்வொரு முறையும் புதிய ஆட்டம் போட்டால் இப்படித்தான் இருக்கும். தோற்ற ஆட்டத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதையே மறுபடி ஆடுங்கள், ஆனால் வேறு வரிசையிலிருந்து தொடங்கி. வென்ற ஆட்டத்தையும் ஒருமுறை திரும்ப ஆடுவது பயன் தரும். இந்த முறை மூன்று செல்லுக்கு மேல் நிறைக்காமல். ஒரு செல்லை நிரந்தரமாகக் காலியாக விட்டு வெல்ல முடிந்தால், முதல் முறை அந்தச் செல்லில் ஏறியது தேவையில்லாத சீட்டு என்று தெரிந்துவிடும். மூன்று செல்லில் தீராத ஆட்டங்களும் உண்டு என்பதால், நான்கு செல்லில் ஏற்கனவே வென்ற ஆட்டத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யும்போது இரண்டு மூன்று தொடக்கங்கள் முயன்றும் வரவில்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

பின்வாங்கும் பொத்தானைத் தொடாமல் ஆடும் ஆட்டங்கள் தனியாக வேண்டும். அதில் முதல் நகர்த்தலுக்கு முன் ஏஸ், 2 ஆழம் எண்ணுவது, திறந்த எட்டுச் சீட்டுக்கும் தலா இரண்டு இடங்களைத் தேடுவது, முதல் எட்டு நகர்த்தலை விரலால் தொட்டுக் காட்டுவது ஆகிய மூன்றையும் செய்த பிறகே சீட்டைத் தொட வேண்டும். தொடக்கத்தில் இதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். பழகிய பிறகு கண் தானாகவே சிறிய சீட்டுகளுக்குப் போய்விடும்.